செருப்போடு பார்க்க வேண்டிய மின்னல்

மனிதன் மின்சாரத்தைக் கண்டுபிடித்தது சரித்திரத்தில் ஒரு சாதாரண நிகழ்ச்சி. அந்த மின்சாரத்துக்கு ஓர் உபகுழு அமைத்ததுதான் உண்மையான பாய்ச்சல். முதலாவதை வெளிநாட்டுக்காரர் செய்தார்கள். இரண்டாவதை நாங்கள் செய்தோம்: கிளிநொச்சி மாவட்டத்தில், ஜெயபுரத்துக்கு அப்பால், வயல் முடிந்து யானைவேலி தொடங்குகிற இடத்தில் உள்ள ஒரு பாடசாலையில். பாடசாலையின் பெயரைச் சொல்லமாட்டேன். அது ஏற்கெனவே எட்டு நினைவுக்கற்களில் இருக்கிறது. போதும்.

அந்தப் பாதுகாப்பு உபகுழுவின் செயலாளராக இருக்கும் பேறு எனக்குக் கிடைத்தது. நான் ஓர் அபிவிருத்தி உத்தியோகத்தர். பதவியின் பெயரிலேயே அபிவிருத்தி இருப்பதால் அதைத் தனியாகச் செய்யவேண்டிய தேவை அநேகமாக ஏற்படுவதில்லை.

விஷயம் இதுதான். அந்தப் பாடசாலையின் உயர்தர விஞ்ஞானப் பிரிவில் ஏழு பேர் படிக்கிறார்கள். ஏழு என்பது அலுவலகங்களுக்கு ஒத்துவராத எண். பத்துக்குக் குறைந்த எதையும் நகரத்துப் பாடசாலையுடன் 'ஒன்றிணைப்பது' எங்கள் கொள்கை. ஏழு பேரில் ஐந்து பேர் பெண்பிள்ளைகள். நகரத்துக்குக் காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். மாலை பஸ் வந்தால் வரும். ஒன்றிணைத்தால் அந்த ஐந்து பேரும் வீட்டு அடுப்போடு ஒன்றிணைந்துவிடுவார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டு பேசாமல் இருப்பதற்குத்தான் எங்களுக்குப் பயிற்சி இருக்கிறது. பௌதிகவியல் ஆசிரியை தேனுகாவுக்கு அந்தப் பயிற்சி இல்லை. நேரே வலயக் கல்விப் பணிப்பாளர் அமராவதி அம்மாவிடம் போய்க் கேட்டுவிட்டார்.

"விஞ்ஞானக் கண்காட்சி ஒண்டு வையுங்கோ டீச்சர். நான் வந்து பாக்கிறன்" என்றாராம் பணிப்பாளர். "பாத்து மனம் நிறைஞ்சா அந்த ஏழு பேரும் அங்கயே படிக்கட்டும். இல்லாட்டி தை மாதத்தோட மூடவேண்டியதுதான்."

வேறொரு ஆசிரியை என்றால் எரிமலை செய்திருப்பார். எரிமலைக்குச் சோடாத்தூளும் வினாகிரியும் போதும். யாரும் கடிதம் கேட்கமாட்டார்கள். தேனுகா மின்னல் செய்யப்போவதாக அறிவித்தார்.

அதற்கு டெஸ்லா சுருள் என்று பெயர். ஆளுயரக் குழாய் ஒன்றில் தலைமயிர் தடிப்பில் செப்புக்கம்பியை ஆயிரம் சுற்றுச் சுற்றி, உச்சியில் அலுமினியத்தில் உருண்டையாக ஒரு தலை வைக்க வேண்டும். அடியில் தடித்த செப்புக்குழாயில் பத்துச் சுற்று. பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் இரண்டு பித்தளை முனைகள் முட்டாமல் எதிரெதிரே நிற்கும். மின் ஆளியைப் போட்டால் அந்த இடைவெளியில் பொறி படபடவென்று வெடிக்கும்; அதே கணத்தில் உச்சியில் இருந்து ஊதா நிற மின்னல் ஒன்றரை அடி நீளத்துக்குக் காற்றில் கிளைவிடும். பார்ப்பதைத் தவிர அதனால் வேறு பயன் எதுவும் இல்லை. ஏழு பேருக்குப் படிப்பு மிஞ்சும், அவ்வளவுதான்.

கம்பியைச் சுற்றியவர் மூக்கன். சந்தியில் தண்ணீர் மோட்டர் திருத்தும் கடை வைத்திருப்பவர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்த குடும்பம். வவுனியாவில் மூடிப்போன ஒரு புடவைக்கடையின் விளம்பரப் பலகையில் இருந்து மின்மாற்றியைக் கழற்றிக்கொண்டு வந்ததும் அவர்தான்.

"வயலுக்கு எறைக்கிற மோட்டருக்குச் சுத்துறதும் இதுவும் ஒண்ணுதாங்க" என்றார் மூக்கன். "மோட்டர் கெட்டா கத்தும். இது நல்லா இருந்தா கத்தும். வித்தியாசம் அம்புட்டுத்தான்."

தேனுகா பாதுகாப்புக்கென்று ஒரே ஒரு தாள் எழுதியிருந்தார். பார்ப்பவர்கள் பன்னிரண்டு அடிக்கு அப்பால் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். எல்லோர் காலிலும் இறப்பர் செருப்பு. காதில் பஞ்சு. கைபேசி வெளியே. நெஞ்சில் கருவி பொருத்தியவர்கள் மண்டபத்தின் பக்கமே வரக்கூடாது. யன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும். பொறிப்பெட்டிக்கு மூடி, ஆளிக்குப் பூட்டு, பூட்டின் திறப்பு தேனுகாவின் கழுத்தில். இயக்குபவர் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருக்க வேண்டும். நிறுத்திய பிறகும், ஏர்த் கொடுத்த, அதாவது வயரால் நிலத்தோடு இணைத்த, தடியால் தொட்டுப் பார்க்காமல் கையால் தொடக்கூடாது. கடைசியாக, அடியில் இரண்டு கோடு போட்டு: 'தனியான, ஆழமான, உண்மையான ஏர்த் வேண்டும். இது இல்லையென்றால் மேலே உள்ள எதையும் வாசிக்கத் தேவையில்லை.'

ஒரு தாள். முத்திரை இல்லை, பிரதி இல்லை, இலக்கம் இல்லை. இப்படியொரு ஆவணத்தை நம்பி யார் உயிரைவிட முடியும்? எனவே உபகுழு பிறந்தது.

முதலாவது கூட்டத்தில் மின்சாரம் பற்றிப் பேச நேரம் கிடைக்கவில்லை. போத்தல்கள் பற்றியே பேசினோம். சுருளுக்கு மின்னைத் தேக்கிவைக்கப் பன்னிரண்டு கண்ணாடிப் போத்தல்களில் உப்புத்தண்ணீர் நிரப்பி, வெளியே ஈயத்தாள் சுற்றி வைத்திருந்தார்கள். அவை சாராயப் போத்தல்கள்.

அதிபர் செல்வராசா ஒரு போத்தலை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "டீச்சர், இது பள்ளிக்கூடம்."

"உள்ளுக்க உப்புத்தண்ணிதான் சேர்."

"இப்ப உப்புத்தண்ணி. முன்னம்?"

"முன்னம் இருந்ததை நான் குடிக்கேல்லை சேர்."

"ஆர் குடிச்சது எண்டதை உபகுழு அறிய வேணும்" என்றேன் நான், பேனாவைத் திறந்தபடி.

"ஊரே குடிச்சதுங்க" என்றார் மூக்கன். "பேர் எழுதினா கொப்பி பத்தாது."

பன்னிரண்டு நெல்லிரசப் போத்தல்களாக மாற்றும்படி தீர்மானித்தோம். அவற்றின் கண்ணாடி பொருந்துமா என்று மறுபடி சோதிக்கத் தேனுகாவுக்கு நான்கு நாட்கள் போயின. ஒழுக்கம் காப்பாற்றப்பட்டது.

இரண்டாவது கூட்டத்தில் செருப்புப் பிரச்சினை எழுந்தது. இதை எங்கள் உபகுழுவின் பொற்காலம் என்பேன். பணிப்பாளர் வந்தால் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். குத்துவிளக்கைச் செருப்போடு ஏற்ற முடியாது. தேனுகாவின் தாளோ செருப்பில்லாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்கிறது. பண்பாடும் பௌதிகமும் ஒரே வாசற்படியில் முட்டிக்கொண்டு நின்றன.

"விளக்கை வாசலில ஏத்துங்கோ சேர்" என்றார் தேனுகா. "பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ள வாங்கோ."

"மண்டபத்துக்குள்ள செருப்போடயோ?" என்றார் அதிபர். "கொம்பியூட்டர் அறைக்குள்ளயே நாங்கள் செருப்பை விடுறேல்லை. பிள்ளையள் எவ்வளவு மரியாதையா வாசலில கழட்டி அடுக்கிப்போட்டுப் போகுதுகள், பாத்தனீங்களோ?"

"அதைத்தான் சேர் நானும் ரெண்டு வருசமாச் சொல்லிக்கொண்டிருக்கிறன். சீமெந்து நிலத்தில வெறுங்காலோட நிண்டு தொட்டா அந்தக் கொம்பியூட்டர் எல்லாம் விறுவிறுக்குது. எங்கட ஏழு பேரில யதுர்ஷிகாவுக்கு முழங்கை மட்டும் இழுத்தது."

"அது சின்னக் கூச்சம் டீச்சர். பொம்பிளைப் பிள்ளையளுக்குக் கொஞ்சம் கூச்சம் இருக்கத்தானே வேணும்."

கணினி அறையைப் பற்றி ஒரு வார்த்தை. அது புதிய இருமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. நாடா வெட்டித் திறந்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. மின் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்து பாடத்தைக் குழப்பியதால், அதைக் கடந்து நேராக வயர் கொடுத்து அமைதியை நிலைநாட்டியிருந்தார்கள். அதன்பிறகு ஒருமுறைகூட விழவில்லை. இதைவிடப் பாதுகாப்பான கட்டடத்தை நான் கண்டதில்லை.

செருப்பு விடயத்தில் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த ஒரு சமரசத்துக்கு வந்தோம். பிரதம விருந்தினர் வெறுங்காலுடன் விளக்கேற்றுவார். பின்னர் மாணவிகள் தாம்பாளத்தில் ஏந்திவரும் புதிய வெள்ளைச் செருப்பை அணிவார். அதற்கு 'சடங்குசாராப் பாதணி' என்று நான் பெயர் வைத்தேன். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைப்பது பணிப்பாளருக்கு மரியாதைக் குறைவு என்று அதிபர் ஆட்சேபித்தார். மூக்கன் சம்மதிக்கவில்லை.

"ரெண்டு கையாலயும் கும்பிட்டுக்கிட்டே கரண்டைத் தொட்டா அப்புறம் நீங்கதான் என்னைய கும்பிடணுங்க" என்றார்.

மூன்றாவது கூட்டம் ஏர்த் பற்றியது. எட்டு அடி ஆழத்தில் ஒரு செப்புக்கோல் வேண்டும் என்றார் தேனுகா. அறையில் இருந்த எல்லோரும் நிமிர்ந்தோம்.

வேறு ஊர்களில் நிலத்தைத் தோண்ட மண்வெட்டி போதும். வன்னியில் கடிதம் வேண்டும். அதிபர் அதைச் சுருக்கமாக விளக்கினார்:

"டீச்சர், இஞ்ச ஒரு அடி தோண்டினா கண்ணிவெடி எண்டு ஒரு கூட்டம் வரும். ரெண்டு அடி தோண்டினா புதைச்ச தங்கம் எண்டு இன்னொரு கூட்டம் வரும். எட்டு அடி தோண்டி எலும்பு வந்தா நான் நீதிமன்றத்தில நிப்பன்."

அப்போதுதான் நான் குறுக்கிட்டேன். என் உத்தியோக வாழ்வின் சிறந்த குறுக்கீடு அது. "தோண்டவே தேவையில்லை. புதுக் கட்டடத்துக்கு எட்டு அடி ஏர்த் இருக்கு. அதில கொழுவுங்கோ. சான்றிதழ் என்ர ஃபைலுக்க கிடக்கு."

தேனுகா என்னையே பார்த்தார். "நீங்கள் அதை நேரில பாத்தனீங்களோ சேர்?"

"ஓம். சான்றிதழை நேரில பாத்தனான்."

அதன்பிறகு அறையில் நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. எனக்கு மௌனம் பிடிக்கும். மனிதர்கள் பேசாமல் இருக்கும்போதுதான் தங்களுக்குள் ஏதோ ஒன்றை எடுத்துப் பார்த்து, பிறகு திரும்ப வைத்துவிடுகிறார்கள். அன்று நானும் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். திரும்ப வைத்தேன். கூட்டக் குறிப்பில் அந்த மௌனத்தை 'ஏகமனதாக' என்று பதிந்தேன்.

கண்காட்சி நாள் வந்தது. வாசலில் பணிப்பாளருக்குச் சந்தனம், குங்குமம், கற்கண்டு, செருப்பு என்ற வரிசையில் வரவேற்பு நடந்தது. அமராவதி அம்மா விளக்கேற்றினார். தாம்பாளத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் காலை நுழைத்தார். நல்ல அதிகாரிகள் தாம்பாளத்தில் வருவதைக் கேள்வி கேட்பதில்லை.

மண்டபத்தின் நடுவே சுருள் நின்றது. அதன் அடியில் இருந்து ஒரு தடித்த வயர், உபகுழுவின் தீர்மானப்படி, புதுக் கட்டடத்தின் பச்சை ஏர்த் வயரை நோக்கிப் போயிருந்தது. கயிற்றுக்கு வெளியே ஊர் கூடியிருந்தது. ஏழு மாணவர்களும் வெள்ளைச் சீருடையில் வரிசையாக நின்றார்கள். ஐந்து பெண்பிள்ளைகளில் ஒருத்தியும் கண் இமைக்கவில்லை.

தேனுகா திறப்பைக் கழுத்தில் இருந்து எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக மேசையில் இருந்து ஒரு மின்குமிழை எடுத்தார். அதில் இரண்டு வயர்.

"மேடம், போடுறதுக்கு முன்னம் ஒரு சின்னச் சோதினை. இதில ஒரு வயர் கரண்டுக்கு. மற்றது புதுக் கட்டிடத்தின்ர ஏர்த்துக்கு. ஏர்த் உண்மையா நிலத்துக்குப் போகுதெண்டா குமிழ் எரியும்."

மூக்கன் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கொழுவினார். குமிழ் எரியவில்லை.

"குமிழ் பழுது" என்றார் அதிபர் உடனே.

வேறு குமிழ் போட்டார்கள். எரியவில்லை.

"அதுவும் பழுது. இப்ப வாற சாமான் எல்லாம் இப்பிடித்தான்."

மூன்றாவது குமிழும் எரியவில்லை. செயலாளர் என்ற முறையில் நான் குறிப்பெடுத்தேன்: 'மூன்று குமிழ்கள் குறைபாடுடையவை எனக் கண்டறியப்பட்டது.'

மூக்கன் அதே மூன்றாவது குமிழைக் கழற்றாமல், ஏர்த் பக்கத்து வயரை மட்டும் யன்னலால் வெளியே போட்டுவிட்டு, வாசலால் சுற்றிப் போனார். அங்கே ஒரு குழாய்க்கிணறு இருக்கிறது. போர் முடிந்த கையோடு ஒரு நிறுவனம் அடித்துக் கொடுத்தது. கைப்பம்பியில் தண்ணீர் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஆனால் அதன் இரும்புக் குழாய் அறுபது அடி கீழே போவதாகப் பலகையில் எழுதியிருக்கிறது.

"தோண்ட வேணாங்க ஐயா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார் மூக்கன். "இது ஏற்கெனவே தோண்டினதுதானே."

வயரைக் குழாயில் இறுக்கினார். மண்டபத்துக்குள் குமிழ் பளிச்சென்று எரிந்தது.

ஒருவரும் கைதட்டவில்லை. அமராவதி அம்மா அந்தக் குமிழைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் ஒரு காலத்தில் பௌதிகவியல் படிப்பித்தவர். அதை நாங்கள் மறந்திருந்தோம். அவரும் மறந்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு திரும்பித் தன் காலில் இருந்த வெள்ளைச் செருப்பைப் பார்த்தார். அங்கிருந்து, முற்றத்துக்கு அப்பால், கணினி அறை வாசலைப் பார்த்தார். அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் செருப்புகள் முப்பது சோடி, அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"அந்தப் பிள்ளையளை முதல் வெளியில எடுங்கோ" என்றார்.

தேனுகா ஓடினார். நான் ஓடவில்லை, ஓடுவதற்கு எழுத்துமூலப் பணிப்பு இருக்கவில்லை. பிள்ளைகள் வெளியே வந்த பிறகு தேனுகா பிரதான பெட்டியைத் திறந்து, கணினி அறைக்கான ஃபியூஸைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஏர்த் வந்த அண்டைக்குத் தாறன் சேர்" என்றார் அதிபரிடம்.

மூக்கன் புதுக் கட்டடத்தின் பின்சுவருக்குப் போனார். பச்சை வயர் சுவரில் இருந்து இறங்கி மண்ணுக்குள் போகும் இடத்தில் சிறியதொரு சீமெந்து மேடை இருந்தது. அதன் மேல் அழகான எழுத்தில் '8 அடி'. மூக்கன் வயரைப் பிடித்து மெல்ல இழுத்தார். மெல்ல என்றுதான் சொல்வேன், பூப்பறிப்பதுபோல. அது ஒரு சாண் நீளத்தில், நுனியில் ஒரு கட்டிச் சீமெந்தோடு வெளியே வந்தது.

அதை என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். "இந்தாங்க ஐயா. ஒங்க ஃபைலுக்கு."

அதன்பிறகு சுருளின் வயரையும் குழாய்க்கிணற்றுக்கு மாற்றி, காதுகளில் பஞ்சு வைத்து, தேனுகா திறப்பைத் திருகினார். நான் அதை வர்ணிக்கப் போவதில்லை. பெட்டிக்குள் பொறி உறுமியது. உச்சியில் இருந்து ஊதா நிற வேர் ஒன்று பிறந்து, பத்தாகக் கிளைத்து, ஒன்றையும் பிடிக்காமல் காற்றைத் தடவிவிட்டு மறைந்தது, மறுபடி பிறந்தது. வயர் எதுவும் இல்லாமல் தாங்கியில் நிறுத்தியிருந்த ரியூப்லைற் தானாக எரிந்தது. மழைக்கு முந்திய வாசனைபோல ஒன்று யன்னல்களால் வெளியே போனது. இத்தனை ஆயிரம் வோல்ற்று அந்த மண்டபத்தில் ஆடியும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் அதைச் செய்தவர்கள் அதற்குப் பயந்திருந்தார்கள்.

தேனுகா ஆளியை அணைத்து, ஏர்த் தடியால் தொட்டுப் பார்த்து, அதன்பிறகுதான் சிரித்தார்.

"ஏழு பேரும் இஞ்சயே படிக்கட்டும்" என்றார் பணிப்பாளர், பஞ்சை எடுத்தபடி. பிறகு என் பக்கம் திரும்பினார். "எட்டு அடி எண்டு ஆர் கையெழுத்து வைச்சது?"

"விசாரிக்க வேணும் மேடம்" என்றேன்.

விசாரிக்கிறோம். ஒன்றல்ல, இரண்டு விசாரணைகள். முதலாவது, அரச சொத்தாகிய ஃபியூஸ் ஒன்றை ஆசிரியை ஒருவர் கைப்பையில் வைத்திருந்தமை பற்றியது. அது இரண்டு நாட்களில் முடிந்தது. தேனுகாவிடம் விளக்கம் கோரப்பட்டது. அவர் 'பிள்ளைகள் வெறுங்காலுடன் இருந்தார்கள்' என்று ஒரு வரி எழுதித் தந்தார். ஃபியூஸைத் தரவில்லை. இரண்டாவது விசாரணை கையொப்பம் பற்றியது. சம்பந்தப்பட்ட ஃபைல் என்னிடமே இருப்பதால், மேலிடம் விசாரணை அதிகாரியாக என்னையே நியமித்திருக்கிறது.

இதற்கிடையில் மூக்கன் ஒரு செப்புக்கோலுடன் வந்தார். இலவசமாகவே அடித்துத் தருவதாகச் சொன்னார். நான் நிலைமையை விளக்கினேன்: பதிவேட்டின்படி அந்தக் கட்டடத்துக்கு ஏர்த் இருக்கிறது. இருக்கும் ஒன்றை மறுபடி அமைக்க விதியில் இடமில்லை. இல்லை என்று பதிய வேண்டுமானால் சான்றிதழை இரத்துச் செய்ய வேண்டும். இரத்துச் செய்ய வேண்டுமானால் கையொப்பம் யாருடையது என்று விசாரணை முடிய வேண்டும்.

"அப்ப விசாரணை எப்பங்க முடியும்?"

"நடக்குது."

அவர் கோலைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. இதையும் 'ஏகமனதாக' என்று பதிந்திருக்கிறேன்.

கணினி அறை இருட்டாகவே கிடக்கிறது. விசாரணை இதுவரை ஆறு தடவை ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. ஒத்திவைப்புக் கடிதங்கள் ஆறும், எட்டு அடிச் சான்றிதழும் ஒரே ஃபைலில், ஒன்றன்மேல் ஒன்றாக, ஒழுங்காகக் கோத்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஏழிலும் கையொப்பம் ஒன்றுதான். நல்ல வேளையாக, அந்த ஃபைலைத் திறந்து பார்க்கும் அதிகாரம் என் ஒருவனுக்கே இருக்கிறது.